பயத்துக்கு ஒரு கவர்

எங்கள் வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று ரத்த அழுத்தம் பார்க்க. மற்றது, முதல் கருவி உண்மைதான் சொல்கிறதா என்று பார்க்க. இரண்டும் இரண்டு விதமாகச் சொன்னதால் பஞ்சாயத்துக்கு மூன்றாவது ஒன்று வாங்கக் கிளம்பினேன். மனைவி என் செருப்பை எடுத்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.

சாலை பஜாருக்குப் பக்கத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுவது என் வேலை. அரிசி மொத்த வியாபாரி, பாத்திரக்கடைக்காரர், வெங்காய மண்டிக்காரர் என்று ஊரார் பணம் லட்சம் லட்சமாக என் கண் முன்னால் ஓடும். எனக்கு ஒரு கொட்டாவி வரும், அவ்வளவுதான். ஆனால் என் சொந்தப் போனில் பாங்கு மெசேஜ் வந்து 'டிங்' என்றால் உள்ளங்கை வேர்த்துவிடும். போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடி வைத்த நாட்களும் உண்டு. அரிசிக்குள்ளிருந்தும் அது 'டிங்' என்றது.

பயந்தவன் கஞ்சனாக இருப்பான் என்று ஊரில் ஒரு நினைப்பு. தப்பு. கஞ்சனுக்குப் பணத்தின்மேல் ஆசை. எனக்கு நாளைக்கு என்ன ஆகுமோ என்கிற பயம். பயம் வந்தால் நான் கடைக்குப் போய்விடுவேன். எங்கள் வீடு கரமனையில் ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. ஒரு மழைக்காலத்தில் ஆறு படித்துறையின் மேல்படியைத் தொட்டுவிட்டது என்று பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டார்கள். அன்று சாயந்தரமே நைலான் கயிறு ஒரு கட்டும் காற்றடித்த லாரி டியூப் ஒன்றும் வாங்கி வந்தேன். கல்லூரியில் படிக்கும் என் மகள் டியூபைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"ஒண்ணே உள்ளூ? நம்ம மூணு பேரில்லே அப்பா?"

மறுநாள் இன்னும் இரண்டு வாங்கினேன். அவள் கிண்டல் செய்தாள் என்பது பில் போட்ட பிறகுதான் உறைத்தது.

இதையெல்லாம் வைத்துச் சிரித்துக்கொண்டே காலம் தள்ளியிருப்பேன். போன ஓணம் கழிந்த சமயம் மனைவி தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த மகள், "அம்மா, இன்னொரு மடக்கு குடி" என்றாள். குடித்தாள். "கழுத்துல என்னமோ ஒண்ணு கயறி எறங்குதே" என்றாள் மகள்.

தைராய்டு சுரப்பியில் ஒரு கட்டி. ஊசி குத்தி எடுத்த சோதனை நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. சுரப்பியில் பாதியை வெட்டியெடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். "பேடிக்கான் ஒண்ணுமில்லா. மூணு மாசத்துக்குள்ள செய்தா மதி, போதும்" என்றும் சொன்னார். பயப்பட ஒன்றுமில்லை என்று மளிகைக்கடைக்காரரோ பஸ் கண்டக்டரோ என்னிடம் சொன்னதே கிடையாது. அதைச் சொல்கிறவர்கள் டாக்டர்கள் மட்டும்தான். அந்த நிமிஷத்திலிருந்து நான் பயப்படத் தொடங்கினேன்.

இன்சூரன்ஸ் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். பயந்தவனிடம் இன்சூரன்ஸ் இல்லாமல் இருக்குமா? முந்தின வருஷம்தான் எடுத்திருந்தேன். இந்த மாதிரிக் கட்டிகளுக்கு இரண்டு வருஷம் பொறுக்க வேண்டும் என்றது பாலிசி. மூன்று மாதம் என்றது கட்டி.

ஆஸ்பத்திரியில் சொன்ன தொகையில் பாதி எங்களிடம் இருந்தது. மீதிக்கு ஒரு சிட்டி இருந்தது. தமிழ்நாட்டில் சீட்டு என்பதைத்தான் இங்கே மலையாளத்தில் சிட்டி என்பார்கள். மாதாமாதம் எல்லோரும் கட்டுவார்கள். மாதத்துக்கு ஒருவர் ஏலத்தில் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார். மூன்றாவது மாதம் அந்தச் சிட்டியை ஏலத்தில் எடுப்பது என்றும், அதுவரை கையிலிருக்கும் பாதியைத் தொடுவதில்லை என்றும் தீர்மானம் செய்தோம். தொடக்கூடிய ஆள் யார் என்பதில் வீட்டில் கருத்து வேற்றுமை இல்லை.

அந்த வாரமே தொட்டேன். தண்ணீரில் ஏதாவது இருக்குமோ என்று ஒரு வாட்டர் பில்டர். உப்பில் குறையோ என்று நான்கு வகை உப்பு. கழுத்துக்கு நல்லது என்று கடைக்காரன் சொன்னதை நம்பி, மின்சாரத்தில் கழுத்தைப் பிடித்துவிடும் கருவி ஒன்று.

"இது என்னவாக்கும்?" என்றாள் மனைவி.

"கழுத்துக்கு மசாஜ்."

"கட்டி இருக்கது எனக்கு முன்னால. இது பிடிக்கது பின்னால. முன்னால பிடிச்சா நான் செத்துருவேன். யாருக்கு வாங்கினிய இத?"

அதைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரன் பணத்துக்குப் பதில் வேறு பொருள்தான் தருவேன் என்றான். ஒரு எமர்ஜென்சி விளக்கு வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் ஐந்தாவது விளக்கு அது.

செலவைக் கட்டுப்படுத்த ஒரு முறை வேண்டும் என்று மூன்று பேரும் கூடிப் பேசினோம். மகள் என் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். வருமானத்தில் பாதி தேவைக்கு, முப்பது சதம் ஆசைக்கு, இருபது சதம் சேமிப்புக்கு. ஒவ்வொரு செலவையும் பதிந்ததும் அது கேட்கும், 'தேவையா, ஆசையா?' நான்கு உப்புப் பாக்கெட்டுகளை முன்னால் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். நான்கு உப்பு யாருக்குத் தேவை? உப்பின்மேல் யாருக்கு ஆசை? ஆறு வீட்டுக்குள் வந்தால் மிதப்பதற்கு வாங்கிய டியூப் என் ஆசையா? உலகத்தில் என்னைப் போன்றவர்கள் இருப்பது அந்த ஆப் செய்தவனுக்குத் தெரியவில்லை. போதாததற்கு, 'எல்லையை நெருங்குகிறீர்கள்' என்று அதுவும் 'டிங்' அடிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் இரண்டு கருவியிலும் ரத்த அழுத்தம் பார்த்தேன். ஆப்பை எடுத்துவிட்டேன்.

அடுத்தது என் தொழில் திறமை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருபது தலைப்பு போட்டு எக்செல் ஷீட் ஒன்று தயாரித்தேன். பார்க்க அவ்வளவு அழகு. வருஷக் கணக்கில் வியாபாரிகளின் செலவுகளைத் தக்க தலைப்பில் உட்கார வைத்துப் பழகியவன் அல்லவா, என் செலவுகளும் சமர்த்தாக உட்கார்ந்தன. வாட்டர் பில்டர் 'வீட்டுப் பராமரிப்பு' ஆனது. விளக்கு 'மின்சாரம்'. உப்பு 'மருத்துவம்'. எதிலும் சேராதது 'அவசரம்' என்ற தலைப்புக்குப் போனது. மாதக் கடைசியில் கணக்கு ஒரு பைசா பிசகாமல் பொருந்தியது. ஆபரேஷன் பணம்தான் குறைந்திருந்தது.

மனைவி வீட்டில் கணக்கு டியூஷன் எடுப்பவள். பிரிண்ட் எடுத்த தாளை வாங்கி, கையில் எப்போதும் இருக்கும் சிவப்பு மைப் பேனாவால் 'அவசரம்' என்ற தலைப்பைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

"இதுல எது அவசரம்?"

"எல்லாம்தான்."

"அப்பம் இது பட்ஜெட் இல்ல. உங்க நாடித் துடிப்பாக்கும்."

மூன்றாவதாக அவளுடைய முறை வந்தது. சம்பளத்தை நோட்டாக எடுத்து, மளிகை, கரண்ட், காலேஜ் பீஸ், ஆபரேஷன் என்று தனித்தனிப் பழுப்புக் கவரில் போட்டு வைப்பது. மெசேஜ் வராது. ஆனால் கவருக்குள் பணம் இருக்கிறதா என்ற கவலை வந்தது. காலையில் ஒரு தடவை திறந்து பார்ப்பேன். ஆபீஸிலிருந்து வந்ததும் ஒரு தடவை. அப்புறம், கவர்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றனவே, திருடன் வந்தால்? ஆபரேஷன் கவரை மட்டும் யாருக்கும் தோன்றாத ஓர் இடத்தில் மாற்றி வைத்தேன். அது எவ்வளவு நல்ல இடமென்றால் எனக்கே தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதிநாள் தேடினோம். மெத்தையைப் புரட்டினோம். அரிசியைக் கொட்டினோம். மனைவி பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தாள். கடைசியில் மகள்தான் லாரி டியூபை நகர்த்தியபோது, அதற்கு அடியில் இருந்த நைலான் கயிற்றுக் கட்டுக்குள்ளிருந்து கவரை எடுத்தாள்.

"வெள்ளம் வந்தா முதல்ல இதத்தானே எடுப்போம்னு..." என்று நான் தொடங்கினேன்.

"மிண்டாதீங்க" என்றாள் மகள். பேசாதே என்பதை அவள் இவ்வளவு மரியாதையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மனைவி கட்டிலில் உட்கார்ந்தாள். அவளுடைய விரல் தன்னையறியாமல் கழுத்துக்குப் போனது. அந்த இடத்தைத் தொட்டுவிட்டு இறங்கியது. பிறகு புதிதாக ஒரு கவரை எடுத்து அதன்மேல் சிவப்பு மையில் எழுதினாள். 'பயம்.'

"உங்களைப் பயப்படாதீங்கன்னு சொல்லிப் பிரயோஜனமில்ல. மாசாமாசம் இதுல ஒரு தொகை வைக்கேன். இந்தக் காசுக்குள்ள நீங்க எவ்வளவு வேணும்னாலும் பயப்படலாம். கயிறு வாங்குவியளோ, உப்பு வாங்குவியளோ, நான் கேக்க மாட்டேன். காசு தீந்துச்சுன்னா பயம் தீந்துச்சு. மத்த கவர்ல கைய வைக்கக்கூடாது. சம்மதமா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கும் அதுல பங்கு உண்டு" என்றாள். "உங்களுக்கு மட்டுமாக்கும் பயம்னு நெனச்சியளோ?"

அதற்கு முன்னால் அப்படி நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆச்சரியம், அது பிடித்துப்போயிற்று. ஒரு மாதத்துப் பயத்துக்கு இவ்வளவுதான் என்று ஆனதும் நான் பயங்களைப் பொறுக்கியெடுக்கத் தொடங்கினேன். டெங்குவா, காஸ் லீக்கா? இரண்டுக்கும் காசு போதாது. ஒன்றை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தேன். தள்ளிவைத்த பயம் பாதி செத்துவிடுகிறது. மனைவி ஒரே ஒரு தடவைதான் அதிலிருந்து எடுத்தாள். ஸ்கேனுக்குப் போய்வந்த அன்று. கிழக்கேகோட்டையில் பஸ் மாறும்போது நேந்திரங்காய் உப்பேரி அரைக்கிலோ வாங்கினாள். பஸ்ஸிலேயே பொட்டலத்தைப் பிரித்து, நறுக் நறுக்கென்று தின்றுகொண்டு வந்தாள். "பேடிச்சா எனக்குத் திங்கணும்" என்றாள். நானும் இரண்டு எடுத்துக்கொண்டேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடி அவள் விழுங்கும்போது கழுத்தில் அது ஏறி இறங்கியது. நான் உப்பேரியை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாவது மாதம் சிட்டி ஏலம். டியூஷன் பிள்ளைகளுக்குப் பரீட்சைக் காலம் என்பதால் நான் போக வேண்டியதாயிற்று. அந்த ஏலம் மற்ற ஏலம் போன்றதல்ல. மொத்தத் தொகையில் எவ்வளவை விட்டுக்கொடுக்கத் தயார் என்று கூவ வேண்டும். யார் அதிகம் விட்டுக்கொடுக்கிறாரோ அவருக்கு மிச்சப் பணம். விட்டுக்கொடுத்தது மற்ற உறுப்பினர்களுக்குப் பங்காகப் போகும். எங்கே நிறுத்த வேண்டும் என்று மனைவி என் உள்ளங்கையில் சிவப்பு மையில் ஒரு எண் எழுதி அனுப்பினாள். "இதுக்கு மேல போகாதீங்க. இந்த மாசம் ஆளும் அதிகம் இருக்காது" என்றாள்.

ஆள் அதிகம் இல்லை. நான், மேஜைக்கு அந்தப்பக்கம் சிட்டி ஆபீஸ் அம்மாள், எதிர் நாற்காலியில் நீலச் சட்டை போட்ட வயதானவர் ஒருவர். அவர் முகத்தில் ஒரு அமைதி. அந்த அமைதிதான் என்னைக் கலக்கியது. பணம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பவனால்தான் அப்படி உட்கார முடியும். எனக்கு அப்படியில்லையே. இது போனால் ஆபரேஷன் தள்ளிப்போகும். தள்ளிப்போனால்...

நான் ஒரு தொகை சொன்னேன். நீலச் சட்டை கொஞ்சம் கூட்டிச் சொன்னார். நான் அதற்கு மேல் சொன்னேன். அவர் மேல்கூரையைப் பார்த்தார். ஏதோ கணக்குப் போடுகிறார் என்று தோன்றியது. நான் முந்திக்கொண்டு இன்னும் கூட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் கூட்டினேன். உள்ளங்கையைப் பார்த்தேன். வேர்வையில் சிவப்பு மை ஓடிப்போய், வெட்டுப்பட்ட காயம் மாதிரி இருந்தது. எண் தெரியவில்லை. கூட்டினேன்.

ஆபீஸ் அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். "சாரே, இப்போ விளிச்சது சாரு தன்னே. அதுக்கு முன்னாடி விளிச்சதும் சாரு தன்னே. ஆரோடயாணு சாரு மத்சரிக்குனது?"

முந்தின தடவை கூவியதும் நான், இப்போது கூவியதும் நான், யாரோடு போட்டி என்று கேட்டாள். பதற்றத்தில் இன்னும் ஒரு தொகை கூட்டிச் சொல்லிவிட்டேன்.

"அய்யோ, மதி, போதும்!" என்று கத்தினார் நீலச் சட்டை. அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் கூவியது கூவியதுதான். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் விட்டுக்கொடுத்ததில் அவருக்கும் பங்கு உண்டே. "அடுத்த மாசமும் வரணும் கேட்டோ" என்றார். சிட்டியை ஒருவர் ஒரு தடவைதான் எடுக்கலாம், இனி நான் கூவ முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். கொஞ்சம் நடித்தும் காட்டினேன், சிரிப்பாளோ என்று. அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மனக்கணக்காகவே கழித்தாள்.

"ஆபரேஷனுக்குக் கொஞ்சம் குறையுது."

"தெரியும்."

'பயம்' கவரை எடுத்தாள். அந்த மாதத்துப் பணம் அப்படியே இருந்தது. முந்தின மாதத்து மிச்சமும் இருந்தது. எல்லாவற்றையும் எடுத்து ஆபரேஷன் கவரில் போட்டாள். டியூஷன் பணத்திலிருந்தும் கொஞ்சம் போட்டாள். சரியாக வந்தது.

"ஆபரேஷன் முடியது வரைக்கும் பயத்துக்குக் காசு கிடையாது" என்றாள்.

"காசில்லாம எப்பிடிப் பயப்படுறது?"

"சும்மா பயப்படுங்க. ஊர்ல எல்லாரும் அப்பிடித்தான் பயப்படுதாங்க."

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் இருந்தது மேல்மாடியில். கீழே மருந்துக்கடை. அதன் கண்ணாடிக்குப் பின்னால் என்னென்னவோ இருந்தது. ரத்த அழுத்தக் கருவி கூட இருந்தது. பஸ் காசைத் தவிர என் சட்டைப்பையில் ஒன்றும் இல்லை. பில் கட்டும் பொறுப்பு மகளுடையது. நான் அந்தக் கடையைக் கடந்து படியேறினேன். இவ்வளவு பயத்தோடு ஒரு கடையைச் சும்மா கடந்து போனது என் ஆயுளில் முதல் தடவை.

நர்ஸ் வந்து, "ஆபரணம் எல்லாம் ஊரணும் சேச்சி" என்றாள். மனைவி வளையலைக் கழற்றினாள். மூக்குத்தியைத் திருகிக் கழற்றினாள். தாலிச் சங்கிலியைக் கழற்றும்போது மட்டும் கொஞ்சம் நிதானித்தாள். பிறகு தன் கைப்பையிலிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்தாள். சிவப்பு மையில் எழுதிய அதே கவர். எல்லாவற்றையும் அதற்குள் போட்டு என் கையில் கொடுத்தாள்.

"வேற கவர் அகப்படல்ல" என்றாள். ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் சும்மா பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். வாங்க ஒன்றுமில்லை, மாற்றி ஒளித்து வைக்க இடமில்லை, இரண்டாவது கருவியில் சரிபார்க்க வழியில்லை. மடியில் அந்தக் கவர். முழு மாதச் சம்பளம் வைத்தாலும் இவ்வளவு கனக்காது. சும்மா பயப்படுவது இப்படித்தான் இருக்குமா? ஊரில் எல்லோரும் இதையா செய்துகொண்டிருக்கிறார்கள்? பஸ்ஸில், மண்டியில், நீலச் சட்டை போட்டுக்கொண்டு?

எதிரே இருந்த கதவுக்குமேல் சிவப்பு விளக்கு எரிந்தது. கவருக்குள் எல்லாம் இருக்கிறதா என்று ஒரு தடவை திறந்து பார்த்தேன். இருந்தது. மூடினேன். இன்னொரு தடவை பார்த்தேன்.

"அப்பா, தொறக்காதீங்க" என்றாள் பக்கத்திலிருந்த மகள்.

அவள் காப்பி வாங்கப் போனதும் திறந்தேன். மூக்குத்தியின் திருகாணி ஒரு எள்ளு அளவுதான் இருக்கும். அது கவரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. விரல் பட்டு எகிறியது. தரையில் விழுந்து ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான், காணவில்லை.

மனைவி உள்ளே கிடக்கிறாள். அவளுடைய பொருள் ஒன்று என் கையிலிருந்து போய்விட்டது. என் மனசு இதை என்னவாக ஆக்கியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. திருகாணி கிடைத்தால் அவள் நல்லபடியாக வருவாள். கிடைக்காவிட்டால்... முட்டி போட்டேன். நாற்காலி வரிசைக்கு அடியில் தலையை விட்டேன். கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தேன். சாக்லேட் காகிதம் இருந்தது, ஒரு பொத்தான் இருந்தது. திருகாணி இல்லை. கண்ணில் நீர் வழிந்ததில் தரை முழுக்கத் திருகாணியாக மின்னியது.

"எந்தா சாரே, பிரார்த்தனையா?"

பச்சை உடுப்பில் டாக்டரின் கால்கள் தெரிந்தன.

"ஆமா" என்றேன், நாற்காலிக்கு அடியிலிருந்து.

"எழுந்நேக்கணும். நல்லபடியா முடிஞ்சு. சப்தத்துக்கும் குழப்பமில்லா. ரிசல்ட் ஒரு ஆழ்ச்சை கழிஞ்சு வரும்."

எழுந்தேன். அவள் குரலுக்கும் ஒன்றும் ஆகவில்லையாம். நான் திருகாணியைக் கண்டுபிடிக்கவில்லை. அவள் நன்றாகத்தான் இருந்தாள். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை என்பதை நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சாயந்தரம் அவளை அறைக்குக் கொண்டுவந்தார்கள். கழுத்தில் வெள்ளைக் கட்டு. கண் திறந்ததும் கையை நீட்டினாள். கவரைக் கொடுத்தேன். உள்ளே விரலை விட்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். விரல் நின்றது. என்னைப் பார்த்தாள்.

"தொறந்தியளா?" காற்று மாதிரி வந்தது குரல்.

"ஒரு தடவை."

"ஒரு தடவையோ!" என்றாள் மகள்.

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. வலித்திருக்கும் போல, கையைக் கட்டின்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு பக்கத்தில் வரச் சொல்லிச் சைகை செய்தாள். குனிந்தேன்.

"புதுத் திருகாணி... அடுத்த மாசப் பயத்துல... பிடிச்சுக்கிடுதேன்."

ரிசல்ட் வர இன்னும் ஒரு வாரம் இருந்தது. அவள் அடுத்த மாதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

அந்த ஒரு வாரத்தை எப்படிக் கடந்தேன் என்று கேட்காதீர்கள். ரிசல்ட் போனில்தான் வந்தது. அரிசி டப்பாவுக்குள்ளிருந்து 'டிங்' கேட்டது, நான் பக்கத்தில் போகவில்லை. மகள் அரிசிக்குள் கையை விட்டு எடுத்து வாசித்தாள். பயப்பட ஒன்றுமில்லை என்று போட்டிருந்தது. டாக்டர் முதல் நாள் சொன்ன அதே வார்த்தை. இந்தத் தடவை பாதி நம்பினேன். மீதிக்குத்தான் கவர் இருக்கிறதே.